ஏழைக் குடியிருப்பில் மலர்ந்த கல்வி நெறி: மரியா மாண்டிசோரி அம்மையாரின் வாழ்வு

மாண்டிசோரி என்னும் பெயர் தாங்கிய மழலையர் பள்ளிகளை நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் இன்று காண்கிறோம். அவற்றுள் பலவற்றின் வாயிலில் வசதி படைத்தோரின் வண்டிகளே நிற்கின்றன. அங்கே கேட்கப்படும் கட்டணத்தைச் செவியுற்ற நம் தெருத் தாய்மார்கள், இது நமக்கானதன்று என்று முகம் திருப்பிக்கொள்கின்றனர். மாண்டிசோரிக் கல்வி என்றாலே செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் கல்வி என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது.

உண்மையோ இதற்கு நேர்மாறானது. அக்கல்வி நெறி, கூலித் தொழிலாளரும் வேலையற்றோரும் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு குடியிருப்பில், பிறரால் வேண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடையே தோன்றியது. அந்தப் பிள்ளைகளே அந்நெறியை அம்மையாருக்குக் கற்பித்தனர் என்று கூறினும் மிகையாகாது. நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அவ்வம்மையாரின் வாழ்வை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று கருதியே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

பிறப்பும் கல்வியும்

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாராவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசு அலுவலர். பழைய வழக்கங்களில் பற்றுடையவர். தாய் ரெனில்டே நூல் பயிலும் ஆர்வம் மிக்கவர். மகளின் விருப்பங்களுக்கு என்றும் துணை நின்றவர். மரியாவுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் கல்வி கற்ற பெண்ணுக்குத் திறந்திருந்த வாயில் ஆசிரியப் பணி ஒன்றே. மரியா அதனை விரும்பவில்லை. முதலில் பொறியியல் கற்க எண்ணித் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் பயில உறுதி பூண்டார். தந்தையார் இதற்கு உடன்படவில்லை. ரோம் பல்கலைக்கழகத்தில் இடம் பெறுவதற்கே அவர் போராட வேண்டியிருந்தது. இடம் கிடைத்த பின்னரும் இழிவு நீங்கவில்லை. ஆண் மாணவருடன் ஒரே கூடத்தில் நின்று பிணத்தை அறுத்து ஆய்வது பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டமையால், பிறர் அனைவரும் சென்ற பிறகு மாலையில் தனியே நின்று அப்பாடத்தைப் பயில வேண்டியவரானார். கல்விக் கூடத்தில் தனியே ஒதுக்கி வைக்கப்படுவதன் வேதனை எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் தம் பள்ளிப் பருவத்தில் வீட்டிலிருந்து கொணர்ந்த சாக்குத் துணியின்மீது தனியே அமர்த்தப்பட்ட வரலாற்றை நாம் அறிவோம்.

1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மரியா மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்டிர் சிலருள் அவரும் ஒருவர். அதே ஆண்டு பெர்லின் நகரில் நடைபெற்ற பன்னாட்டு மகளிர் மாநாட்டில் இத்தாலியின் சார்பில் பங்கேற்று, உழைக்கும் பெண்களுக்கு ஆண்களுக்கு இணையான ஊதியம் வேண்டும் என்று வாதிட்டார்.

புறக்கணிக்கப்பட்ட பிள்ளைகளிடையே

பட்டம் பெற்றபின் ரோம் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அப்பணியின் பொருட்டு மனநோயாளர் விடுதிகளுக்குச் செல்வது வழக்கமாயிற்று. அறிவு வளர்ச்சி குன்றியவர் எனப்பட்ட சிறு பிள்ளைகளும் அந்நாளில் அங்கேயே அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். உணவு முடிந்ததும் அப்பிள்ளைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் துழாவுவது அவர்களைக் காத்து நின்ற பணிப்பெண்ணுக்கு அருவருப்பாக இருந்ததாம். மரியாவின் பார்வை வேறாக இருந்தது. வெறும் சுவர்களையுடைய அவ்வறையில் தொட்டுப் பார்க்கவும் எடுத்து விளையாடவும் ஒரு பொருள்கூட இல்லை என்பதை அவர் கண்டார். அவர்களது பசி வயிற்றுப் பசியன்று. கைகளுக்கு வேலை தேடும் அறிவுப் பசி என்று உணர்ந்தார்.

அதன்பின் இத்தார், செகன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவரின் நூல்களைத் தேடிக் கற்றார். கண், காது, விரல் ஆகிய புலன்களைப் பயிற்றுவதன் வாயிலாக அறிவைத் தூண்டலாம் என்பது அவர்களது கொள்கை. 1900ஆம் ஆண்டு இத்தகைய பிள்ளைகளுக்காகவும் அவர்தம் ஆசிரியர்களுக்காகவும் ரோமில் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டபோது அதன் இயக்குநர்களுள் ஒருவரானார். பகலெல்லாம் பிள்ளைகளுடன் இருந்து, இரவில் குறிப்பெழுதி, புதிய கருவிகளை உருவாக்கினார். முடிவில் அப்பிள்ளைகளுள் சிலர் எழுதப் படிக்கக் கற்று, பிற பிள்ளைகளுக்கு உரிய பொதுத் தேர்வில் தேறினர்.

ஊரார் வியந்து பாராட்டினர். அம்மையாரோ வேறொன்றை எண்ணிக் கவலை கொண்டார். குறையுடையவர் எனப்பட்ட பிள்ளைகள் இவ்வளவு எட்ட முடியுமாயின், குறை ஏதுமற்ற பிள்ளைகள் பொதுப் பள்ளிகளில் இந்த அளவிலேயே தேங்கி நிற்பது ஏன்? குறை பிள்ளையிடமா, பள்ளியிடமா? இவ்வினாவே அவரது எஞ்சிய வாழ்நாளை வழி நடத்தியது. விடை காணும் பொருட்டு மீண்டும் மாணவியாகிப் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் உளவியலும் பயின்றார்.

இக்காலத்தில் அவர் வாழ்வில் ஒரு துயரமும் நேர்ந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர்பால் கொண்ட அன்பின் பயனாய் 1898இல் மரியோ என்னும் மகனை ஈன்றார், திருமணம் கைகூடவில்லை. அக்காலச் சமுதாயத்தின் பழிச்சொல்லுக்கு அஞ்சிக் குழந்தையை நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளர்க்க விட வேண்டியிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின்னரே மகன் தாயுடன் வந்து சேர்ந்தார். உலகின் குழந்தைகளையெல்லாம் அறிந்துகொள்ள முயன்ற தாய், தம் மழலையின் வளர்ச்சியை உடனிருந்து காண இயலாமற்போனது நெஞ்சை உருக்குவதாகும்.

சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லம்

ரோம் நகரில் சான் லொரென்சோ என்றொரு பகுதி. கட்டடத் தொழில் சரிந்தமையால் பாதியில் விடப்பட்ட அடுக்குமாடிகளில் வறியோர் குடியேறி வாழ்ந்த இடம் அது. கட்டட நிறுவனம் ஒன்று அவற்றைச் செப்பனிட்டுக் குடும்பங்களைக் குடியமர்த்தியது. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின் பள்ளி வயதை எட்டாத சிறுவர்கள் மாடிப்படிகளில் ஓடித் திரிந்து, புதுச் சுவர்களைப் பாழ்படுத்தினர். சுவர்களைக் காக்கும் பொருட்டு அப்பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டி வைக்க நிறுவனத்தார் விரும்பினர். அப்பொறுப்பை ஏற்குமாறு மாண்டிசோரி அம்மையாரை வேண்டினர். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. சுவர்களைக் காக்கத் தொடங்கிய ஏற்பாடு உலகக் கல்வி வரலாற்றையே மாற்றியமைத்தது.

ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். அழுத கண்களும், அச்சமும், போதிய ஊட்டமற்ற உடலுமாய் அவர்கள் இருந்தனர். பயிற்சி பெற்ற ஆசிரியரை அமர்த்தப் பணமில்லை. சாதாரணப் பெண்ணொருத்தியே பொறுப்பில் அமர்ந்தார். பெஞ்சுகளும் மேசைகளும் வாங்க வழியில்லை. ஆகவே பிள்ளைகள் தாமே தூக்கி நகர்த்தக்கூடிய சிறு நாற்காலிகளும் சிறு மேசைகளும் செய்யப்பட்டன. வறுமையால் நேர்ந்த இக்குறைகளே நன்மையாய் முடிந்தமை எண்ணத்தக்கது.

அங்கே அம்மையார் கண்டவை மூன்றினை மட்டும் ஈண்டுக் குறிப்பிடுவோம்.

முதலாவது, கவனம். மரக்கட்டை ஒன்றில் வெவ்வேறு பருமனுள்ள குழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் உருளை ஒன்று உண்டு. தவறான குழியில் இட்டால் இறுதியில் ஓர் உருளை மிஞ்சும். பிழையை ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. மூன்று வயதுச் சிறுமியொருத்தி அதனைக் கழற்றுவதும் பொருத்துவதுமாய் நாற்பது தடவைக்கு மேல் செய்தாள். சுற்றிலும் பிள்ளைகளைப் பாடச் செய்தும், அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் அவள் கவனம் சிதறவில்லை. சிறு பிள்ளைகளுக்கு மனம் ஒரு நிலையில் நில்லாது என்ற பழங்கருத்து அன்று பொய்த்தது. தமக்கேற்ற பணி கிட்டாத மனமே அலைகிறது என்பது புலனாயிற்று.

இரண்டாவது, ஒழுங்கு. ஒரு நாள் பொறுப்பாளர் காலந்தாழ்த்தி வந்தார். கருவிகள் வைத்த அலமாரியைப் பூட்டவும் மறந்திருந்தார். பிள்ளைகள் தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்து அமைதியாகப் பணியில் ஈடுபட்டிருந்தனர். இதனைக் கண்ட அம்மையார், பூட்டிய அலமாரியை நீக்கிப் பிள்ளைகளின் கைக்கெட்டும் தாழ்ந்த அடுக்குகளை அமைக்கச் செய்தார். பிரம்பும் இல்லை, பரிசும் இல்லை. ஆயினும் ஒழுங்கு நிலவியது.

மூன்றாவது, எழுத்து. எழுத்தறியாத தாய்மார் சிலர் தம் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பிக்க வேண்டும் என்று வந்து வேண்டினர். அம்மையார் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். எழுதும் முறையிலேயே அவற்றின்மேல் விரலை ஓட்டி, அவ்வெழுத்தின் ஒலியைச் சொல்ல வேண்டும், அவ்வளவே. சில திங்கள் கழிந்தன. ஒரு நாள் ஐந்து வயதுச் சிறுவன் சுண்ணக்கட்டியைப் பெற்று, தரையில் ஒரு சொல்லை எழுதிவிட்டு, தான் எழுதிவிட்டதாகக் கூவினான். பிறரும் தொடர்ந்தனர். தரை, சுவர், கதவு என எங்கும் எழுதினர். படிக்கக் கற்பதற்கு முன்பே அவர்கள் எழுதத் தொடங்கியது அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது.

எந்தத் தெருப் பிள்ளைகள் சுவரைக் கெடுப்பவர் என்று தூற்றப்பட்டனரோ, அவர்களைக் காண அரசியாரும் அறிஞரும் அயல்நாட்டாரும் வரலாயினர்.

புகழும் சோதனையும்

1909இல் அம்மையார் தம் முறையை விளக்கி நூல் எழுதினார். அது விரைவில் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1913இல் அமெரிக்கா அவரை வரவேற்றது. 1929இல் பன்னாட்டு மாண்டிசோரிச் சங்கம் நிறுவப்பட்டது.

அவர் வாழ்வில் சறுக்கலும் உண்டு; அதனை மறைப்பது முறையன்று. 1924 முதல் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியின் ஆதரவை அவர் ஏற்றார். பள்ளிகள் பெருகும் என்று நம்பினார். ஆனால் தாமே எண்ணி முடிவெடுக்கும் பிள்ளைகளைச் சர்வாதிகாரம் நெடுநாள் பொறுக்காது. ஆசிரியர்களும் மாணவர்களும் அரசுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்ற நெருக்குதல் வளர்ந்தது. 1934இல் அவர் இத்தாலியை விட்டு வெளியேறினார். அங்கிருந்த அவர் முறைப் பள்ளிகள் மூடப்பட்டன. செருமனியிலும் இட்லர் ஆட்சியில் அவை மூடப்பட்டன. பின்பு அவர் வாழ்ந்த ஸ்பெயின் நாட்டில் 1936இல் உள்நாட்டுப் போர் மூளவே, அங்கிருந்தும் புறப்பட்டு ஆலந்து நாட்டில் தங்கினார். கல்வியை ஆதிக்கத்தாரின் கையில் ஒப்படைத்து நன்மை பெறலாம் என்பது கானல்நீர் என்பதை அவர் பட்டறிந்தார்.

அடையாற்றில் அம்மையார்

1939ஆம் ஆண்டின் இறுதியில், தம் அறுபத்தொன்பதாம் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அம்மையார் மகன் மரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அடையாறு நம் கல்வி வரலாற்றிலும் இடம்பெற்ற ஊராகும். பறையர் குலப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவுகள் அடைபட்டிருந்த நாளில், 1894இல் கர்னல் ஆல்காட் அவர்களுக்கென இலவசப் பள்ளி தொடங்கியது அங்கேதான்.

அம்மையாரின் பயிற்சி வகுப்பில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூறு பேரளவில் வந்து சேர்ந்தனர். அவர் இத்தாலிய மொழியில் உரையாற்ற, மரியோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கூறினார். சில திங்கள் தங்கித் திரும்புவது அவர் திட்டம். ஆனால் 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. இத்தாலியர் என்பதால் ஆங்கில அரசு மரியோவைச் சிறை முகாமுக்கு அனுப்பியது. அம்மையாரின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவரது எழுபதாம் பிறந்தநாளையொட்டி மரியோ விடுவிக்கப்பட்டார். வளர்ப்பு மகன் எனவும் உறவினர் எனவும் அதுவரை உலகோர் அறிந்திருந்தவர், அரசின் செய்தியில் முதன்முறையாக அம்மையாரின் மகன் என்றே குறிக்கப்பட்டார் என்பர்.

போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் வாழ்ந்தார். அங்கே பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாய்ப் பயிலும் சிறு பள்ளி நடந்தது. மலையும் செடியும் பூச்சியும் நீரோடையும் பாடப்பொருளாயின. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன அங்கே உடனிருந்து உதவினார். இந்தியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அம்மையார் பயிற்சி அளித்தார். பிறந்தது முதல் ஆறு வயது வரை பிள்ளையின் மனம் சூழலைத் தானே உள்வாங்கிக்கொள்ளும் இயல்பை விளக்கிய அவரது நூல் 1949இல் அடையாற்றிலேயே அச்சேறியது. அமைதிக்கான நோபல் பரிசுக்கு மும்முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஆலந்து நாட்டின் கடற்கரைச் சிற்றூரான நூர்ட்விக்கில் இயற்கை எய்தினார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பொருட்செலவு இன்றியமையாததா?

இவ்வளவும் சரி, விலையுயர்ந்த கருவிகளுக்கு நாம் எங்கே போவது என்று கேட்கலாம். இதற்கு விடை நம் நாட்டிலேயே உண்டு. அம்மையாரின் கொள்கையில் ஈடுபட்ட தாராபாய் மோடக் என்னும் பெருமாட்டி, 1945இல் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்னும் கடலோர ஊரில் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். பின்னர் கோஸ்பாட் என்னும் ஊரில் வார்லி பழங்குடிப் பிள்ளைகளிடையே அனுதாய் வாகுடன் பணியாற்றினார். கூழாங்கல், சிப்பி, இலை, விதை, குச்சி ஆகியவையே அவர்தம் கருவிகள். பிள்ளை பள்ளிக்கு வர இயலாவிடின் பள்ளியே பிள்ளையின் வீட்டு முற்றத்துக்குச் செல்ல வேண்டும் என்பது அவர்தம் நெறி. இன்று நாடெங்கும் வழங்கும் அங்கன்வாடி என்ற சொல்லும் முற்றம் என்ற பொருளினின்று வந்ததே.

நம் மாநிலத்திலும் 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், 2007 முதல் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றல் புகுத்தப்பட்டது. பாயில் அமர்தல், அட்டைகளைக் கொண்டு தம் வேகத்தில் கற்றல், கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை என்ற அமைப்புகளில் அம்மையாரின் சாயலைக் காணலாம். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. திட்டங்கள் மாறும். ஆசிரியரின் பார்வை மாறாவிடின் அட்டைகள் அலமாரியில் உறங்கும்.

நம் பிழையும் நம் கடமையும்

நாம் இளம் ஆசிரியராயிருந்தபோது நேர்ந்த ஒன்றை இங்கே சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. எட்டாம் வகுப்பில் நம் சமூகத்தைச் சேர்ந்த மாணவன் ஒருவன் இருந்தான். தமிழ்ப் பாடத்தையே தட்டுத் தடுமாறிப் படிப்பான். கடைசி வரிசையில் அமர்த்தினோம்; வினாக் கேட்பதையும் நிறுத்திக்கொண்டோம். படிப்பு வராதவன் என்று பலர் முன்னிலையில் கூறினோம். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அவன் வரவில்லை. நாமும் தேடவில்லை. நாமும் அதே தெருவிலிருந்து வந்தவர் என்பதை எண்ணும்போது இன்றும் நாணம் கொள்கிறோம்.

பல ஆண்டுகள் கழித்து, பள்ளி ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டார் பழுதுற்று, காயில் கட்டும் கடையொன்றுக்குச் சென்றோம். கடைக்காரர் எழுந்து வணங்கினார், அவரே அம்மாணவர். செம்புக் கம்பியின் பருமனைக் கருவியால் அளந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் இத்தனை சுற்று என்று கணக்கிட்டு, எண் பிசகாமல் சுற்றினார். ஒரு சுற்றுக் குறைந்தால் மோட்டார் என்னவாகும் என்று நமக்கு விளக்கினார். அளவும் பெருக்கலும் இயற்பியலும் அந்தக் கைகளில் இருந்தன. நம் வகுப்பறையில் அக்கைகளுக்கு ஒரு வேலையும் இல்லை. கட்டி அமர்வதே அவற்றுக்கு இட்ட பணி. அம்மையார் கேட்ட வினா அன்று நம்மை நோக்கி நின்றது. குறை பிள்ளையிடமா, பள்ளியிடமா?

நம் மக்களுக்குக் கல்வி மறுக்கப்பட்டது ஒரு கொடுமை. கதவு திறந்தபின், உள்ளே வந்த பிள்ளையை மக்கு என்று கூறி மீண்டும் வெளியே அனுப்புவது இரண்டாவது கொடுமை. முதலாவதை எதிர்த்து நம் முன்னோர் போராடினர். இரண்டாவதை நாமே, நம் கையாலேயே செய்துவிடக்கூடும், அதுவே பேராபத்து.

ஆகவே, சங்கத்தின் மாலைப் பாடசாலையில் தொண்டாற்றும் தம்பியரே, தங்கையரே! பிள்ளைகளை மனப்பாடம் செய்வித்து ஒப்பிக்கக் கேட்பது எளிது; அதனோடு நின்றுவிடாதீர்கள். உப்புத்தாளும் அட்டையும் மலிவானவை. ஒரு மாலையில் எழுத்துகளை வெட்டிவிடலாம். புளியங்கொட்டையும் குச்சியும் எண்ணக் கற்பிக்கும். பொருள்களைப் பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அவன் ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது குறுக்கிடாதீர்கள். பிழை செய்தால் அதனைத் தானே காண வழி செய்யுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, எந்தப் பிள்ளையையும் படிப்பு வராதவன் என்று கூறாதீர்கள். பெற்றோரே! விரைவில் ஆங்கிலச் சொற்களை ஒப்பிப்பது மட்டும் கல்வியன்று. அடுப்படியிலும் வயலிலும் பட்டறையிலும் உங்களருகே நின்று பிள்ளை கேட்கும் வினாக்களுக்கு விடை கூறுங்கள், அதுவும் பள்ளியே.

நம் கடையில் காயில் சுற்றும் அந்த அன்பரின் மகள் இன்று நம் மாலைப் பாடசாலையில் பயில்கிறாள். முதல் நாள் அவளை அழைத்து வந்தபோது, கையைக் கட்டி உட்காரம்மா என்று தந்தை பழக்கத்தால் கூறினார். வேண்டாம், கை திறந்தே இருக்கட்டும் என்று நாம் கூறினோம். அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடனின் முதல் தவணை அது. எஞ்சியதை நம் சங்கம் வரும் இருபத்தைந்து ஆண்டுகளில் நம் தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் செலுத்துமாக!

வாழ்க கல்வி! வளர்க நம் சங்கம்!